பேஸ் கிட்டாருக்கு ஃப்ளாட்ஸா ரவுண்ட்ஸா: வாங்கறதுக்கு முன்னாடியும் மாட்டின அப்புறமும்

பேஸ் கிட்டாருக்கு ஃப்ளாட்வவுண்ட் ஸ்ட்ரிங் (தட்டையான பட்டை சுத்தினது, சுருக்கமா ஃப்ளாட்ஸ்) முதல்தடவ வாங்கி மாட்டினப்போ ரெண்டே நாள்ல கழட்டி வெச்சவன் நான். கூட கிட்டார் வாசிக்கற நண்பன் கேட்டுட்டு "என்னடா, ஆம்ப் மேல தலகாணிய போட்டு அமுக்கின மாதிரி இருக்கு"ன்னான், எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, போதாக்குறைக்கு விரலுக்கு அடியில கட்டுக்கம்பி மாதிரி விறைச்சுக்கிட்டு நின்னுச்சு, ஆக்ஷன், அதாவது ஃப்ரெட்டுக்கு மேல ஸ்ட்ரிங் நிக்கற உயரம், வேற ஏறிப்போச்சு. சரி இது நமக்கு ஒத்துவராதுன்னு உருண்டைக் கம்பி சுத்தின பழைய ரவுண்ட்ஸையே திரும்ப மாட்டிட்டேன். அப்புறம் ரொம்ப வருஷமா பேஸ் வாசிக்கற ஒரு அண்ணன்கிட்ட இதச் சொல்லி புலம்பினப்ப அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், "ட்ரஸ் ராட் (நெக்குக்குள்ள அதோட வளைவ சரிபண்ற கம்பி) திருப்புனியா?" "இல்லண்ணா." "அப்ப நீ ஸ்ட்ரிங்க கேக்கவே இல்லடா, செட்டப் கெட்டுப்போன பேஸத்தான் கேட்டிருக்க."

அவர் சொன்னதுதான் இந்த மொத்த விஷயத்துக்கும் சாவி. ஸ்ட்ரிங் டைப் மாத்தினா சவுண்ட் மாறும்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா கூடவே விரல் உணர்ற விதமும் மாறும், நெக்க இழுக்கற இழுப்பும் மாறும், இந்தக் கடைசி ரெண்டையும் விட்டுட்டு "பிரைட்டா, வார்மா"ன்னு மட்டும் கேட்டு வாங்கறவங்கதான் என்ன மாதிரி ரெண்டு நாள்ல கழட்டி வெக்கறாங்க.

ஸ்ட்ரிங்குக்குள்ள என்ன இருக்கு

பேஸ் ஸ்ட்ரிங் எதுவா இருந்தாலும் நடுவுல ஒரு ஸ்டீல் கம்பி ஓடும், அதுதான் கோர். இது உருண்டையாவும் இருக்கும், ஆறு பட்டை வெச்சும் இருக்கும், இந்த வித்தியாசம் மாட்டும்போது ரொம்ப முக்கியம், அங்க வரும்போது சொல்றேன். கோர் மேல உள்சுத்து ஒண்ணு ரெண்டு சுத்தி கடைசியா வெளிச்சுத்து போடுவாங்க, நம்ம விரல் தொடறது இந்த வெளிச்சுத்ததான், பேர் வர்றதும் இதவெச்சுதான். வெளிச்சுத்து உருண்டைக் கம்பின்னா ரவுண்ட்வவுண்ட், ரிப்பன் மாதிரி தட்டையான மெட்டல் பட்டைன்னா ஃப்ளாட்வவுண்ட். உருண்டைக் கம்பியவே சுத்திட்டு மேல்பாகத்த மட்டும் மெஷின்ல தேச்சு வழவழப்பாக்கினா ஹாஃப்ரவுண்ட், சில பேர் கிரவுண்ட்வவுண்டும்பாங்க. மெட்டலுக்கு மேல நைலான் பட்டை சுத்தியிருந்தா டேப்வவுண்ட்.

கோட்டட்னு ஒண்ணு விக்கறாங்களே அது தனி டைப் இல்ல, பெரும்பாலும் ரவுண்ட்ஸ் மேலயே மெல்லிசா ஒரு பாலிமர் பூச்சு, எலிக்ஸிர் கம்பெனி இதுக்குப் பேர்போனது. கை ரொம்ப வேர்க்கறவங்களுக்கு வேர்வை உள்ள போகாம நாளைக்கு நிக்கும், கடைசியில பூச்சு அங்கங்க நார்நாரா உரியும், அவ்வளவுதான் கதை.

ரவுண்ட்ஸ்

இன்னிக்கு கடையில வாங்கற புது பேஸ்ல பெரும்பாலும் மாட்டியிருக்கறது இதுதான், அதனால இதுதான் ஆதியில இருந்து இருக்கறதுன்னு ஒரு நினைப்பு நமக்கு. உண்மையில ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ் வந்த 1951ல இருந்து ஒரு பதினஞ்சு வருஷம் எலக்ட்ரிக் பேஸ்னாலே பெரும்பாலும் ஃப்ளாட்ஸ்தான். 1966ல தி ஹூ பேண்டோட ஜான் என்ட்விசில் பியானோ மாதிரி கணீர்னு கேக்கணும்னு ரோட்டோசவுண்ட் கம்பெனியோட உக்காந்து உருவாக்கினதுதான் ஸ்விங் பேஸ் 66, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரவுண்ட்ஸ். அதுக்கப்புறம்தான் காத்து இந்தப்பக்கம் திரும்புச்சு.

கணீர்னு கேக்கறதுக்குக் காரணம் ஸ்ட்ரிங் வளைஞ்சு குடுக்கறது. உருண்டைச் சுத்துக்கு நடுவுல இடைவெளி இருக்கறதால ஸ்ட்ரிங் சுலபமா நெளியும், அதனால மேல்பக்க ஹார்மோனிக்ஸ் (அடிநாதத்தோட கூடவே மேல ஒலிக்கற நாதங்கள்) நிறைய கிளம்பும், ரொம்ப நேரம் நிக்கும். ஆனா அதே இடைவெளிதான் அதோட எமனும், விரல் அழுக்கு, வேர்வை, செத்த தோல் எல்லாம் அந்த வரிவரியா இருக்கற பள்ளத்துல போய் அடைஞ்சுக்கும், கொஞ்ச நாள்ல அந்த பளபளப்பு போய் மொண்ணையாயிடும். கை நழுவும்போது கீச்னு ஒரு சத்தம் வரும், அது சில பேருக்குப் பிடிக்கும், ரெக்கார்டிங்ல எனக்குப் பிடிக்காது.

மெட்டீரியல் விஷயத்துல சுருக்கமா சொன்னா, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் எல்லாத்துலயும் பிரைட், கொஞ்சம் சொரசொரப்பு, ஃப்ரெட்ட (நெக் மேல குறுக்க இருக்கற மெட்டல் கம்பிய) வேகமா தின்னும். நிக்கல் பூசின ஸ்டீல் நடுத்தரம், எதுவும் தெரியலைன்னா கண்ண மூடிட்டு இத வாங்கலாம். சுத்த நிக்கல் இன்னும் மெதுவானது, புதுசுலயே கொஞ்சம் பழகின மாதிரி கேக்கும். ஸ்லாப் பண்றவங்க (கட்டைவிரலால ஸ்ட்ரிங்க அடிச்சு வாசிக்கறவங்க) முக்காவாசி ஸ்டீல் பக்கம்தான் போவாங்க, ஒரு காலத்துல பேஸிஸ்ட் மார்கஸ் மில்லர் பேர்ல வந்த டிஆர் ஃபேட் பீம்ஸ் கூட ஸ்டெயின்லெஸ்தான்.

ஃப்ளாட்ஸ்

தடவிப் பாத்தா கண்ணாடி மேல விரல் போற மாதிரி இருக்கும், கீச் சத்தம் அனேகமா கிடையாது. நோட்டு அடிச்ச உடனே ஒரு "தொம்", அடிநாதம் முன்னாடி நிக்கும், மேல்பக்கம் சீக்கிரமா அடங்கிடும். பேஸ் டிரம்மோட சேந்து ஒரே அடியா விழற சவுண்ட் வேணும்னா இதுக்கு ஈடு இல்ல. பள்ளம் இல்லாததால அழுக்கு போய் உக்கார இடமும் கம்மி, அதனால வருஷக்கணக்கா உழைக்கும். மோட்டவுன்ங்கற அமெரிக்க ரெக்கார்ட் கம்பெனி பாட்டுகள்ல வாசிச்ச ஜேம்ஸ் ஜேமர்சன் தன்னோட 1962 பிரிசிஷன்ல லா பெல்லா கம்பெனியோட தடிமனான ஃப்ளாட்ஸ் போட்டு, அறுந்தாதான் மாத்தறதுன்னு வெச்சிருந்தவர். அந்த செட் தடிமன்ல 52ல ஆரம்பிச்சு 110 வரைக்கும் போகும் (இந்தக் கணக்க பின்னாடி சொல்றேன்), 45ல ஆரம்பிக்கற சாதாரண செட்ல பழகினவங்க தொட்டா விரல் கதறும்.

ஆனா ஃப்ளாட்ஸ்னா பழைய பாட்டுக்குத்தான், ஜாஸுக்குத்தான்னு சொல்றவங்ககிட்ட நான் எப்பவும் ஒரே பேரத்தான் சொல்வேன், அயர்ன் மெய்டன் ஸ்டீவ் ஹாரிஸ். அந்த மனுஷன் அவ்ளோ வேகமா ஹெவி மெட்டல் வாசிக்கறது ரோட்டோசவுண்ட் ஃப்ளாட்ஸ்ல, 50ல இருந்து 110. விரலால ஓங்கி அடிச்சு ஸ்ட்ரிங்க ஃப்ரெட் மேல மோதவிட்டு அந்த கணகணப்ப எடுக்கறார். ஒரே டைப் ஸ்ட்ரிங், ஜேமர்சன் ஒத்த விரல்ல வாசிச்சு ஒண்ணு எடுத்தார், இவர் இன்னொண்ணு எடுக்கறார், இன்னொரு பக்கம் ஸ்டுடியோ பேஸிஸ்ட் கேரல் கே ஃப்ளாட்ஸ் மேல ஃபெல்ட் துணிய வெச்சு பிக்ல வாசிச்சு வேற ஒண்ணு எடுத்தாங்க. அதனால கையப் பத்தி யோசிக்காம ஸ்ட்ரிங் பாக்கெட்ட மட்டும் பாத்து ஒரு பிரயோஜனமும் இல்ல.

இன்னொண்ணு, புது ஃப்ளாட்ஸ் வேற, பழகின ஃப்ளாட்ஸ் வேற. புதுசுல ஒரு மெட்டல் வாடை அடிக்கற மாதிரி சவுண்ட் இருக்கும், அது போய் அந்த தொம் வந்து உக்கார சில வாரம் ஆகும், தினம் வாசிக்கலைன்னா மாசக்கணக்காவும் ஆகும். ரெண்டு நாள்ல முடிவு பண்ணாதீங்கன்னு சொல்றது அதனாலதான். ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணி ஃபோன் ஸ்பீக்கர்லயே கேட்டும் முடிவு பண்ணாதீங்க, நாலுல தடிமனான ஈ ஸ்ட்ரிங்கோட அடிநாதம் 41 ஹெர்ட்ஸ், ஃபோன் ஸ்பீக்கர் அதத் தொடக்கூட தொடாது, ரவுண்ட்ஸ்ல ஹார்மோனிக்ஸ் நிறைய இருக்கறதால அதுல ஏதோ கேக்கும், ஃப்ளாட்ஸ் காணாமப்போன மாதிரி இருக்கும்.

நடுவுல இருக்கறதுங்க

ஹாஃப்ரவுண்ட் பத்தி என் அபிப்ராயம், ரெண்டுங்கெட்டான். ரவுண்ட்ஸ் அளவு உயிரும் இல்ல, ஃப்ளாட்ஸ் அளவு வழவழப்பும் இல்ல. ஆனா ஃப்ரெட்லெஸ் (ஃப்ரெட்டே இல்லாத பேஸ்) வெச்சிருக்கறவங்களுக்கு நல்ல சமரசம், ஏன்னா ரவுண்ட்ஸ் மரத்த அரம் மாதிரி ராவும். ஜாஸ் பேஸிஸ்ட் ஜாக்கோ பாஸ்டோரியஸ் ஃப்ரெட்லெஸ்ல ரவுண்ட்ஸ்தான் போட்டார், ஆனா விரல் அமுக்கற போர்டு மேல படகுக்குப் போடற எபாக்ஸிய பூசிட்டுதான் போட்டார், அந்தப் பாதிய மறந்துட்டு ஸ்ட்ரிங்க மட்டும் காப்பி அடிச்சா போர்டுல கோடு கோடா விழும்.

டேப்வவுண்ட் மேல எனக்கு ஒரு தனிப் பிரியம் உண்டு. நைலான்ங்கறதால பிக்கப்ல (ஸ்ட்ரிங் அதிர்வ மேக்னட் வெச்சு சிக்னலா மாத்தற பாகம்) கேக்குமான்னு ஒரு சந்தேகம் வரும், கேக்கும், உள்ள இருக்கறது மெட்டல்தான, மேக்னட்டுக்கு அது போதும். சவுண்ட் டபுள் பேஸ் பக்கம் கொஞ்சம் சாயும், விரலுக்கு மெத்துன்னு இருக்கும், ஃப்ரெட் தேயறதும் ரொம்பக் கம்மி. ஒரே தொந்தரவு அதோட தடிமன், ஈ ஸ்ட்ரிங் 115 வரைக்கும் வரும், நட்ல (நெக்கோட தலைப்பக்கம் ஸ்ட்ரிங் உக்கார்ற துண்டு) இருக்கற பள்ளத்துல உக்காராது.

டென்ஷன்னா என்ன, ஏன் அத முதல்ல பாக்கணும்

ஸ்ட்ரிங் பாக்கெட்ல போட்டிருக்கற 45, 65, 85, 105 எல்லாம் ஒரு இன்ச்ச ஆயிரம் பங்கா பிரிச்ச கணக்கு, 105ன்னா சுமார் 2.7 மில்லிமீட்டர் தடிமன். ஆனா தடிமன் வேற டென்ஷன் வேற. ஒரே நீள பேஸ்ல ஒரே சுருதிக்கு ஏத்தும்போது எவ்ளோ இழுவிசை வேணும்ங்கறத முடிவு பண்றது அந்த ஸ்ட்ரிங்கோட எடை. தட்டையான பட்டை இடைவெளி இல்லாம நெருக்கமா உக்காந்திருக்கறதால அதே தடிமன்ல ஃப்ளாட்ஸ் பொதுவா எடை கூட, அதனால டென்ஷனும் கூட. உங்க ரவுண்ட்ஸ் 45 செட்டா இருந்துச்சுன்னு ஃப்ளாட்ஸும் 45 செட்டே வாங்கி "ஏன் இவ்ளோ கல்லா இருக்கு"ன்னு கேக்கறது இதனாலதான்.

எல்லா ஃப்ளாட்ஸும் கல்லு மாதிரி இருக்கும்னும் இல்ல. தாமஸ்டிக் இன்ஃபெல்ட் ஜாஸ் ஃப்ளாட்ஸ் 43, 56, 70, 100னு வரும், நிக்கல், தொட்டா ரப்பர் மாதிரி தொளதொளன்னு இருக்கும், ஓங்கி அடிக்கறவங்களுக்கு ஒத்தே வராது, மெதுவா தடவி வாசிக்கறவங்க ஒரு தடவ போட்டா கழட்ட மாட்டாங்க. டாடாரியோ குரோம்ஸ் கொஞ்சம் விறைப்பு, ஃப்ளாட்ஸ்லயே பிரைட்டான பக்கம், ரவுண்ட்ஸ்ல இருந்து வர்றவங்களுக்கு முதல் செட்டா அதத்தான் சொல்வேன், சவுண்ட் ஒரேயடியா மாறி பயமுறுத்தாது. லா பெல்லால தடிமன் தடிமனா நிறைய இருக்கு, முதல் தடவைக்கு 52 செட் வேண்டாம், 45 இல்லன்னா 43ல ஆரம்பிக்கற செட்டே போதும்.

இப்ப வாசிக்கற செட்டோட டென்ஷன் என்ன, வாங்கப்போற செட்டோடது என்னன்னு ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. சில கம்பெனி பாக்கெட் பின்னாடியே ஒவ்வொரு ஸ்ட்ரிங்குக்கும் போட்டிருப்பான், இல்லன்னா அவங்க சைட்ல இருக்கும். மொத்தத்த விட ஒவ்வொரு ஸ்ட்ரிங்கா பாக்கறது முக்கியம், சில செட்ல ஈ தொளதொளன்னும் டி கல்லு மாதிரியும் இருக்கும், கை ஒரு ஸ்ட்ரிங்ல இருந்து இன்னொண்ணுக்குப் போகும்போது தடுமாறும்.

கைவசம் வெச்சுக்க ரெண்டு கணக்கு. சுருதி அரை ஸ்டெப் இறக்கினா டென்ஷன் 11 சதவீதம் குறையும், ஒரு ஸ்டெப்னா கிட்டத்தட்ட 21. அதனால விறைப்பா இருக்கற ஃப்ளாட்ஸ் சுருதி இறக்கி வாசிக்கறதுக்கு பிரமாதமா அமையும். அதே மாதிரி 34 இன்ச் பேஸ்ல இருக்கற அதே எடை ஸ்ட்ரிங் 30 இன்ச் குட்டி பேஸ்ல 22 சதவீதம் லூஸா இருக்கும், அங்க தைரியமா தடிமனா போடலாம். ஆனா நீள ஸ்ட்ரிங்க வெட்டி குட்டி பேஸ்ல மாட்டற வேலை வேண்டாம், ஃப்ளாட்ஸ்ல தடிமனான பாகம் ட்யூனர் போஸ்ட்ல சுத்தினா பட்டை விரிசல் விடும், ஷார்ட் ஸ்கேல்னு போட்டதையே வாங்குங்க.

காசு போடறதுக்கு முன்னாடி ஒரு சோதனை

ஃப்ளாட்ஸ் சவுண்ட் உங்களுக்குப் பிடிக்குமான்னு தெரிஞ்சுக்க செட் வாங்கவே வேண்டாம். இருக்கற பழைய ரவுண்ட்ஸ கழட்டாம, பாத்திரம் தேய்க்கற ஸ்பாஞ்ச் ஒரு விரல் அகலத்துக்கு நறுக்கி பிரிட்ஜ (பாடி மேல ஸ்ட்ரிங் வந்து மாட்டற பாகத்த) ஒட்டி ஸ்ட்ரிங்குக்கு அடியில சொருகுங்க, ஸ்ட்ரிங்க லேசா தொட்டா போதும், தூக்கக்கூடாது. டோன் நாப மொத்தமா இறக்குங்க. வலது கைய நெக் முடியற இடத்துகிட்ட கொண்டுபோய் கட்டைவிரல் சதையால வாசிங்க. வர்ற சவுண்ட் அசல் ஃப்ளாட்ஸ் இல்லைதான், ஆனா முக்கால்வாசி அங்க போயிடும். பழைய ஃபெண்டர் பேஸ்ல பிரிட்ஜ் மேல ஒரு மூடி இருக்குமே, அதுக்குள்ளயும் இதே வேலைக்குத்தான் ஒரு மியூட் ஒட்டியிருப்பாங்க.

இப்படி ஒரு வாரம் உங்க பாட்டெல்லாம் வாசிச்சுப் பாருங்க. சந்தோஷமா இருந்தா ஃப்ளாட்ஸ் வாங்கலாம். ரெண்டாவது நாளே ஸ்பாஞ்ச பிடுங்கிப் போடணும்னு தோணுச்சுன்னா காசு மிச்சம். ரவுண்ட்ஸ்ல இருந்து சவுண்ட குறைச்சு ஃப்ளாட்ஸ் பக்கம் கொண்டுபோக முடியும், ஃப்ளாட்ஸ்ல இல்லாத ஹார்மோனிக்ஸ ஆம்ப்ல எவ்ளோ ட்ரெபிள் ஏத்தினாலும் கொண்டுவர முடியாது, வெறும் இரைச்சல்தான் ஏறும். ஒரே பேஸ் வெச்சுக்கிட்டு எல்லா விதமான பாட்டும் வாசிக்கணும்ங்கறவங்களுக்கு நான் ரவுண்ட்ஸ் சொல்றது இதனாலதான், ரெண்டாவது பேஸ் இருந்தா யோசிக்கவே வேண்டாம், அதுல ஃப்ளாட்ஸ்.

மாட்டறது

வாங்கறதுக்கு முன்னாடி ஒரு அளவு எடுங்க. ஸ்ட்ரிங்கோட உருண்டை முனை பிரிட்ஜ்ல உக்கார்ற இடத்துல இருந்து நட் வரைக்கும் டேப் வெச்சுப் பாருங்க. ஃப்ளாட்ஸ்ல ட்யூனர் பக்கம் கலர் நூல் சுத்தியிருக்கும், அந்த நூல் நட்ட தாண்டினப்புறம்தான் ஆரம்பிக்கணும், நட் மேலயோ முதல் ஃப்ரெட் மேலயோ நூல் வந்தா அந்த செட் உங்க பேஸுக்கு இல்ல. பாடிக்குப் பின்னாடி ஓட்டை வழியா ஸ்ட்ரிங் வர்ற பேஸ்னா இன்னும் கவனம், நீளமும் கூட வேணும், சேடில்ல (பிரிட்ஜ் மேல ஸ்ட்ரிங்க தாங்கற சின்னத் துண்டு) திடீர்னு ஒடிச்சுத் திரும்பற இடத்துல ஃப்ளாட்ஸ் பட்டை விட்டுப்போகும், சில கம்பெனியே அப்படி மாட்டாதீங்கன்னு போட்டிருப்பான். பிரிட்ஜ்ல மாட்ட வழி இருந்தா அங்கயே மாட்டுங்க.

நாலையும் ஒண்ணா கழட்டாம ஒவ்வொண்ணா மாத்துங்க, நெக்குக்கு திடீர் அதிர்ச்சி வேண்டாம்.

இப்ப என்னோட இன்னொரு கூத்து. ரெண்டாவது தடவ ஃப்ளாட்ஸ் வாங்கினப்போ ஈ ஸ்ட்ரிங்க போஸ்ட் வரைக்கும் இழுத்து, நாலு விரக்கடை கூட விட்டு, கட்டிங் பிளேயர எடுத்து நேரா நறுக்குனு வெட்டினேன். வெட்டின அடுத்த நொடி முனையில அந்தப் பட்டை மெதுவா சுருள் அவிழ்ற மாதிரி ஒரு சுத்து நகந்துச்சு, கண்ணுக்குத் தெரிஞ்சது அவ்ளோதான். மாட்டி ஏத்தினா சுருதி நிக்கவே மாட்டேங்குது, நோட்டு அடிச்சா நேரா வராம அலை அலையா "வ்வோ வ்வோ"ன்னு ஆடுது, பன்னெண்டாவது ஃப்ரெட்ல எவ்ளோ திருகியும் இன்டொனேஷன் (நெக்ல எங்க அமுக்கினாலும் சுருதி சரியா இருக்கறது) வரல. உருண்டை கோர் ஸ்ட்ரிங், வெட்டினதும் உள்ள இருந்த பிடிப்பு முழு நீளத்துக்கும் விட்டுப்போச்சு. ஒரு ஸ்ட்ரிங் மட்டும் தனியா கிடைக்காம முழு செட் திரும்ப வாங்கினேன்.

அதனால, வெட்டறதுக்கு முன்னாடி மடக்கணும். போஸ்ட்ட தாண்டி ஒரு பத்துப் பன்னெண்டு சென்டிமீட்டர் விட்டு அந்த இடத்துல பிளேயரால பிடிச்சு எல் மாதிரி செங்குத்தா மடக்குங்க, மடக்கு நல்லா கூர்மையா இருக்கட்டும், அப்புறம் மடக்கின இடத்துக்கு அந்தப்பக்கம் ஒரு சென்டிமீட்டர் தள்ளி வெட்டுங்க. மடக்கு பட்டைய பூட்டிடும், அவிழாது. ஆறுபட்டை கோருக்கு இவ்ளோ பயம் இல்ல, கோரோட விளிம்பு மேல சுத்தியிருக்கறத கவ்விப் பிடிச்சுக்கும், ஆனா பாக்கெட்ல எந்த கோர்னு எப்பவும் போட்டிருக்க மாட்டாங்க, எல்லாத்துக்கும் மடக்கியே பழகிட்டா கவலை இல்ல. முனைய போஸ்ட் ஓட்டைக்குள்ள விட்டு மேல இருந்து கீழ ரெண்டு மூணு சுத்து, சுத்தும்போது ஸ்ட்ரிங் தன்னைத்தானே முறுக்கிக்காம பாத்துக்கங்க. சுருதிக்கு வந்ததும் சேடிலுக்கு முன்னாடியும் நட்டுக்கு முன்னாடியும் கட்டைவிரலால லேசா ஒரு அமுக்கு, வளைவு அங்க படிஞ்சாதான் நோட்டு சுத்தமா வரும்.

நட் பள்ளத்த கவனிங்க. ஸ்ட்ரிங் ஏத்தும்போது "டிங்"னு ஒரு சத்தம் வந்து சுருதி சடார்னு தாவுச்சுன்னா பள்ளம் பத்தலைன்னு அர்த்தம், ஸ்ட்ரிங் மேலயே உக்காந்திருக்கு. ராவி அகலமாக்கலாம்தான், ஆனா ராவினத திரும்ப ஒட்ட முடியாது, நாளைக்கு மெல்லிசு ரவுண்ட்ஸ்க்கு திரும்பினா அந்தப் பள்ளத்துல ஆடிக்கிட்டு கிடக்கும். ஃப்ளாட்ஸோடதான் வாழ்க்கைன்னு முடிவு பண்ணின அப்புறம் அரத்த எடுங்க, அது வரைக்கும் இருக்கற நட்ல உக்கார்ற தடிமனா பாத்து வாங்கறது உத்தமம்.

செட்டப்

சாதாரண நாலு ஸ்ட்ரிங் செட்டே மோட்டாமா 80 கிலோ அளவுக்கு நெக்க இழுத்துக்கிட்டு இருக்கு. டென்ஷன் கூடின ஃப்ளாட்ஸ் வந்தா நெக் இன்னும் முன்னாடி வளையும், ஆக்ஷன் ஏறும், நான் ரெண்டு நாள்ல கழட்டினதுக்குக் காரணமே இதுதான். ஒரு நாள் முழுக்க சுருதியில விட்டுட்டு அப்புறம் பாருங்க. முதல் ஃப்ரெட்ட ஒரு கையாலயும் நெக் பாடியோட சேர்ற இடத்துல இருக்கற ஃப்ரெட்ட இன்னொரு கையாலயும் அமுக்கிக்கிட்டு, ஏழாவது எட்டாவது ஃப்ரெட்கிட்ட ஸ்ட்ரிங்குக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவுல எவ்ளோ இடைவெளின்னு பாருங்க, ஒரு விசிட்டிங் கார்டு நுழைஞ்சா சரி, அது சுமாரா 0.3 மில்லிமீட்டர். அதவிட கூட இருந்தா ட்ரஸ் ராட கடிகாரம் சுத்தற திசையில கால் சுத்து, அதுக்கு மேல ஒரே தடவையில வேண்டாம், திருப்பறதுக்கு முன்னாடி ஸ்ட்ரிங்க கொஞ்சம் தளர்த்திக்கங்க. திரும்ப சுருதி ஏத்தி மறுநாள் பாத்துட்டு தேவைன்னா இன்னொரு கால் சுத்து. திருகும்போது விறைச்சுக்கிட்டு நகராம நின்னுச்சுன்னா பலம் காட்டாதீங்க, தெரிஞ்ச லூத்தியர்கிட்ட (கிட்டார் ரிப்பேர் பண்றவர்) குடுத்துடுங்க.

நெக் சரியான அப்புறம்தான் சேடில் உயரம். பன்னெண்டாவது ஃப்ரெட்ல ஈ பக்கம் 2.4 மில்லிமீட்டர், மெல்லிசான ஜி பக்கம் 2 மில்லிமீட்டர்னு ஆரம்பிங்க. விறைப்பான ஃப்ளாட்ஸ்ல ஸ்ட்ரிங் அகலமா ஆடாது, அதனால இன்னும் கொஞ்சம் இறக்கினாலும் பெரும்பாலும் இரையாது, இது ஃப்ளாட்ஸ் தர்ற இனாம். கடைசியா இன்டொனேஷன், பன்னெண்டாவது ஃப்ரெட் ஹார்மோனிக்கையும் (அமுக்காம லேசா தொட்டு வாசிக்கற நோட்டு) அதே ஃப்ரெட்ட அமுக்கி வாசிக்கற நோட்டையும் ட்யூனர்ல பாருங்க, அமுக்கின நோட்டு ஏறியிருந்தா சேடில நட்ட விட்டு தள்ளி பின்னாடி, இறங்கியிருந்தா முன்னாடி.

அப்புறம் பிக்கப் உயரம். ஃப்ளாட்ஸ்ல அவுட்புட் கொஞ்சம் மந்தமா தெரிஞ்சா அரை சுத்து மேல ஏத்திப் பாருங்க, சட்டுனு முழிச்சுக்கும்.

ஆம்ப்ல என்ன பண்றது

ஃப்ளாட்ஸ் மாட்டிட்டு ரவுண்ட்ஸ்க்கு வெச்ச செட்டிங்கோட வாசிக்காதீங்க. பேஸ் நாப கொஞ்சம் இறக்குங்க, அது ஏற்கெனவே ஸ்ட்ரிங்லயே நிறைய இருக்கு, 500ல இருந்து 800 ஹெர்ட்ஸ் வரைக்குமான மிட்ஸ ஏத்துங்க, பேண்டோட சேந்து வாசிக்கும்போது நோட்டு நோட்டா புரியறது அங்கதான். தனியா ரூம்ல உக்காந்து கேட்டா இந்த செட்டிங் மூக்கால பாடற மாதிரி இருக்கும், டிரம்ஸும் கிட்டாரும் வந்து சேந்ததும் கச்சிதமா உக்காரும். ரெண்டு டிஸ்டார்ஷன் கிட்டார் நடுவுல சிக்கினா மட்டும் ஃப்ளாட்ஸ் அமுங்கிப்போகும், அங்க ஒண்ணு ஹாரிஸ் மாதிரி ஓங்கி அடிக்கணும், இல்ல ரவுண்ட்ஸ்க்கு போயிடணும்.

பராமரிப்புன்னு பாத்தா ஃப்ளாட்ஸ்க்கு வாசிச்சு முடிச்சதும் காஞ்ச துணியால ஒரு துடைப்பு, முடிஞ்சுது. செத்த ரவுண்ட்ஸ கழட்டி கொதிக்கற தண்ணில போட்டு எடுத்தா பள்ளத்துல இருக்கற அழுக்கு கழண்டு கொஞ்ச நாளைக்கு உயிர் வரும், நல்லா துடைச்சு காயவெச்சுதான் மாட்டணும், இல்லன்னா துரு பிடிக்கும். ஃப்ளாட்ஸ கொதிக்கவெக்க வேண்டாம், நாம ஆசைப்பட்டு பழக்கின சவுண்ட நாமளே கழுவி ஊத்தற வேலை அது.

கழட்டின ஃப்ளாட்ஸ தூக்கியும் போடாதீங்க. பெரிய வட்டமா சுருட்டி எந்த ஸ்ட்ரிங்னு ஒரு துண்டு பேப்பர்ல எழுதி கட்டி வெச்சா, ரெண்டு வருஷம் கழிச்சு எடுத்தாலும் அப்படியே மாட்டலாம். ஒரே ஒரு விஷயம், அதே பேஸ்லயே மாட்டுங்க, வேற பேஸ்னா போஸ்ட் தூரம் மாறும், ஏற்கெனவே மடங்கின இடம் வேற எங்கயாவது வந்து விழுந்தா அங்கதான் அறுக்கும். நான் அன்னிக்கு ரெண்டே நாள்ல கழட்டின அந்த முதல் செட் அப்படி சுருட்டி வெச்சிருந்ததுதான், இப்ப அதே பேஸ்ல, கால் சுத்து ட்ரஸ் ராட் திருப்பினப்புறம், நாலாவது வருஷமா ஓடிக்கிட்டு இருக்கு.